களை எடுக்கும் முன் பயிரைப் பாருங்கள்: மின்னஞ்சலில் வேண்டாதவர்களைத் தடுப்பது எப்படி?

சில மாதங்களுக்கு முன்பு நடந்த மதிப்புக்கூட்டுதல் பயிற்சிக்கு, முருங்கை இலைப் பொடி தயாரிக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றின் நிர்வாகிகள் வந்திருந்தார்கள். உணவு இடைவேளையில் அதன் தலைவர் ஒரு வருத்தத்தைச் சொன்னார். கண்காட்சி ஒன்றில் அவர்களது பொடியைப் பார்த்துப் பிடித்துப்போன வெளிமாநில வியாபாரி ஒருவர், மாதிரி கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். பதில் போகவில்லை. மேலும் இரண்டு முறை எழுதியிருக்கிறார். அதற்கும் பதில் இல்லை. அவர் வேறு இடத்தில் கொள்முதல் செய்துவிட்டார். ஐந்து மாதம் கழித்து நேரில் பார்த்தபோதுதான், "மூன்று தடவை எழுதினேனே, நீங்கள் ஒரு வரிகூடப் பதில் போடவில்லையே" என்று கேட்டிருக்கிறார்.

அலுவலகத்தில் கணினி பார்க்கும் தம்பியிடம் விசாரித்தபோது காரணம் தெரிந்தது. கடன் தருகிறோம், இயந்திரம் தருகிறோம், இணையதளம் செய்து தருகிறோம் என்று தினமும் குவியும் விளம்பரங்களால் சலித்துப்போய், ஒரு நாள் உட்கார்ந்து இருபது முப்பது பேரை வரிசையாக 'பிளாக்' செய்திருக்கிறார். அறிமுகமில்லாத பெயர் என்பதால் அந்த வியாபாரியும் அதில் சேர்ந்துவிட்டார். முதல் கடிதத்தை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த இரண்டும் கண்ணிலேயே படாமல் அழிந்துபோயின.

களையெடுக்கும்போது பயிரையும் சேர்த்துப் பிடுங்கிய கதை இது. களையை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் கதைகள் உண்டு. சூரியசக்தி பம்புசெட் ஒதுக்கீடு ஆகிவிட்டது, பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று வந்த மின்னஞ்சலை நம்பிப் பணம் கட்டப் போன விவசாயிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆகவே யாரைத் தடுப்பது, எப்படித் தடுப்பது, யாரைத் தடுக்கவே கூடாது என்ற மூன்றையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

விவசாயிக்கு மின்னஞ்சல் எதற்கு?

'எனக்கு போன் போதும், மின்னஞ்சல் எதற்கு?' என்று கேட்ட காலம் போய்விட்டது. உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தால், உங்கள் கேஒய்சி சரிபார்ப்புக்கான ஓடிபி மின்னஞ்சலுக்கும் வரும். ஏற்றுமதி-இறக்குமதி குறியீட்டு எண் வைத்திருப்பவர்கள், மாற்றம் ஏதும் இல்லாவிட்டாலும், ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் அதை இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்த எண் முடக்கப்படும். உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு, இயற்கை வேளாண்மைச் சான்று என எல்லாவற்றுக்கும் தகவல் போக ஒரு மின்னஞ்சல் முகவரி கேட்கிறார்கள். அந்தப் பெட்டியில் எது வருகிறது, எது வராமல் போகிறது என்பது இனி வரவு செலவு சம்பந்தப்பட்ட விஷயம்.

'பிளாக்' செய்தால் என்ன நடக்கிறது?

நம்மில் பலர் பயன்படுத்துவது ஜிமெயில் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். ஒருவரை பிளாக் செய்தால், அவரது கடிதங்கள் நமக்கு வராமல் நின்றுவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவை வந்துகொண்டேதான் இருக்கும். முகப்பில் உள்ள 'இன்பாக்ஸ்' பகுதிக்குப் பதிலாக 'ஸ்பேம்' என்ற பகுதிக்குப் போய்விடும். அங்கே 30 நாட்கள் கிடந்து, பிறகு தானாக அழிந்துவிடும். அனுப்பியவருக்குத் தான் தடுக்கப்பட்ட விஷயமே தெரியாது. முருங்கை வியாபாரி மூன்று முறை எழுதியும் இரு தரப்புக்கும் எதுவும் தெரியாமல் போனது இதனால்தான்.

இன்னொன்று, பிளாக் என்பது அந்த ஒரு முகவரியை மட்டுமே தடுக்கும். மோசடிக்காரர் நாளை வேறு முகவரியிலிருந்து அனுப்புவார். கோரையை மேலாகக் கிள்ளினால் கிழங்கிலிருந்து மறுபடியும் முளைப்பதுபோலத்தான் இதுவும். எல்லாக் களைக்கும் ஒரே மருந்து அடிப்பதில்லை. அதுபோல வேண்டாத கடிதங்களையும் வகை பிரித்துக் கையாள வேண்டும்.

நான்கு வகைக் கடிதங்கள், நான்கு வழிகள்

1. நாமே முகவரி கொடுத்த நிறுவனங்களின் விளம்பரங்கள்: விதை, உரம், டிராக்டர், சொட்டுநீர் நிறுவனங்களிடம் எப்போதோ ஒரு விவரம் கேட்டிருப்போம். பிறகு வாரம் இரண்டு கடிதம் வரும். இவர்கள் மோசடிக்காரர்கள் அல்ல. கடிதத்தின் மேலே அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் 'அன்சப்ஸ்கிரைப்' என்று இருக்கும். அதை அழுத்தினால் பட்டியலிலிருந்து நம்மை நீக்கிவிடுவார்கள். பெருமளவில் விளம்பரக் கடிதம் அனுப்புபவர்கள் இந்த வசதியைக் கட்டாயம் தர வேண்டும் என்று கூகுளும் யாகூவும் 2024-ல் விதி கொண்டுவந்துள்ளன.

2. யாரென்றே தெரியாதவர்களின் விளம்பரங்கள்: இவற்றில் கடிதத்துக்குள் இருக்கும் 'விலக இங்கே அழுத்தவும்' என்ற இணைப்பைத் தொடாதீர்கள். தொட்டால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்பதை நீங்களே உறுதிப்படுத்தியதாக ஆகும். கடிதத்தைத் திறக்காமலேயே தேர்வு செய்து, மேலே உள்ள 'ரிப்போர்ட் ஸ்பேம்' என்பதை அழுத்துங்கள். ஆச்சரியக்குறி போட்ட எண்கோணப் படம் அது. இப்படிச் செய்யச் செய்ய, அதே மாதிரிக் கடிதங்களை ஜிமெயில் தானாகவே ஒதுக்கப் பழகிக்கொள்ளும்.

3. அரசு, வங்கி, மானியம் என்ற பெயரில் ஏமாற்றும் கடிதங்கள்: கணினியில் கடிதத்தைத் திறந்து, வலது பக்கம் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் 'ரிப்போர்ட் ஃபிஷிங்' என்று வரும். ஃபிஷிங் என்பது தூண்டில் போடும் மோசடிக்கு வழங்கும் பெயர். இதைப் புகாராகவே தர வேண்டும். வெறும் பிளாக் போதாது.

4. குறிப்பிட்ட ஒருவர் விடாமல் தொல்லை கொடுப்பது: வேண்டாம் என்று சொன்ன பிறகும் தினமும் எழுதும் இடைத்தரகர், மரியாதையின்றி எழுதுபவர், விலகிய பிறகும் அனுப்பிக்கொண்டே இருக்கும் நிறுவனம் ஆகியோருக்குத்தான் பிளாக் சரியான வழி.

தடுக்கும் முறை

அவர் அனுப்பிய ஒரு கடிதத்தைத் திறங்கள். கடிதத்தின் வலது மேல் பக்கம் மூன்று புள்ளிகள் இருக்கும். அதை அழுத்தினால் வரும் பட்டியலில் 'பிளாக்' என்ற சொல்லும் பக்கத்தில் அனுப்புநரின் பெயரும் இருக்கும். பெயரை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். கைபேசிச் செயலியிலும் இதே முறைதான். அங்கே கடிதத்துக்கு மேலே ஒன்றும் உள்ளே அனுப்புநர் பெயருக்கு நேராக ஒன்றுமாக இரண்டு இடங்களில் மூன்று புள்ளிகள் இருக்கலாம். பெயருக்கு நேராக உள்ளதை அழுத்த வேண்டும்.

தவறாகத் தடுத்துவிட்டால் திரும்பச் சேர்க்க முடியும். கணினியில் வலது மேல் மூலையில் உள்ள பல்சக்கரப் படத்தை அழுத்தி, 'சீ ஆல் செட்டிங்ஸ்' என்பதற்குள் போங்கள். அங்கே 'ஃபில்டர்ஸ் அண்டு பிளாக்டு அட்ரசஸ்' என்ற பகுதியில் இதுவரை தடுக்கப்பட்ட அனைவரின் பட்டியலும் இருக்கும. வேண்டியவர் பெயருக்கு எதிரே 'அன்பிளாக்' அழுத்தினால் போதும். இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்து நீங்களே வியப்படையக்கூடும்.

ஒரே நிறுவனம் பல முகவரிகளிலிருந்து அனுப்பினால் ஒவ்வொன்றாகத் தடுத்து மாளாது. அதற்கு 'ஃபில்டர்' எனப்படும் வடிகட்டி இருக்கிறது. மேலே உள்ள தேடல் கட்டத்தின் வலது ஓரத்தில் கோடுகள் போட்ட சிறு படத்தை அழுத்துங்கள். 'ஃப்ரம்' என்ற இடத்தில் அந்த நிறுவன முகவரியில் '@' குறிக்குப் பின்னால் வரும் பகுதியை மட்டும் கொடுத்து, 'கிரியேட் ஃபில்டர்' அழுத்தி, 'டெலீட் இட்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். இனி அந்த நிறுவனத்திலிருந்து யார் அனுப்பினாலும் நேராகக் குப்பைக்குப் போய்விடும். ஒரு எச்சரிக்கை: '@' குறிக்குப் பின்னால் 'ஜிமெயில் டாட் காம்' என்று இருந்தால் இந்த முறையைப் பயன்படுத்தாதீர்கள். ஜிமெயில் வைத்திருக்கும் அத்தனை பேரின் கடிதமும் அழிந்துவிடும்.

அவுட்லுக் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸ் பகுதியில் 'மெயில்', அதற்குள் 'ஜங்க் இமெயில்' என்று போனால் தனி முகவரியையோ முழு நிறுவனத்தையோ தடுக்கலாம். யாகூவிலும் செட்டிங்ஸ் பகுதியில் தடுக்கப்பட்ட முகவரிகளுக்கான பட்டியல் உண்டு.

நெல்லா, குதிரைவாலிப் புல்லா?

நாற்றுப் பருவத்தில் நெல்லையும் குதிரைவாலிப் புல்லையும் பிரித்தறிவது அனுபவம் உள்ளவர்களுக்கே சிரமம். நிறம், உயரம், இலை எல்லாம் ஒன்றுபோல இருக்கும். இலையும் இலையுறையும் சேரும் இடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். நெல்லுக்கு அங்கே மெல்லிய நாக்கு போன்ற சவ்வு இருக்கும். குதிரைவாலிப் புல்லுக்கு இருக்காது.

மின்னஞ்சலிலும் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அனுப்புநர் பெயர் என்று பெரிதாகத் தெரிவதை நம்ப வேண்டாம். 'வேளாண்மைத் துறை' என்றோ 'பிஎம் கிசான்' என்றோ யார் வேண்டுமானாலும் பெயர் வைத்துக்கொள்ளலாம். பெயருக்குக் கீழே 'டு மீ' என்று இருக்கும் இடத்தில் உள்ள சிறு அம்புக்குறியை அழுத்தினால் உண்மையான முகவரி தெரியும். அதில் '@' குறிக்குப் பின்னால் முகவரி எப்படி முடிகிறது என்று பாருங்கள். அரசுத் துறைகளின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' அல்லது 'என்ஐசி டாட் இன்' என்று முடியும். அந்த எழுத்துகள் நடுவில் வந்து, கடைசியில் 'டாட் காம்', 'டாட் ஆன்லைன்' என்று முடிந்தால் அது போலி.

இதில் ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். வட்டார அளவிலான சில அலுவலகங்கள் இன்றும் சாதாரண ஜிமெயில் முகவரியிலிருந்தே கடிதம் அனுப்புகின்றன. அதனால் ஜிமெயிலிலிருந்து வந்தால் போலிதான் என்று முடிவு கட்டவும் முடியாது. சந்தேகம் வந்தால், கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்காமல், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் உதவி வேளாண்மை அலுவலரின் எண்ணுக்குப் பேசிக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு தடுக்கலாம்.

பிஎம் குசும் திட்டத்தின் பெயரில் போலி இணையதளங்கள் பதிவுக் கட்டணம் வசூலிப்பதாக மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமே பலமுறை எச்சரித்துள்ளது. தமிழகத்தில் சூரியசக்தி பம்புசெட்டுக்கு அணுக வேண்டியது வேளாண்மைப் பொறியியல் துறையைத்தான். அதேபோல ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாகத் தரும் பிஎம் கிசான் திட்டத்தின் பெயரில், 'ஏபிகே' கோப்பை அனுப்பி கைபேசியில் நிறுவச் சொல்லும் மோசடியும் நடக்கிறது. மின்னஞ்சலில் வந்தாலும் வாட்ஸ்அப்பில் வந்தாலும் அதைத் திறக்கக் கூடாது. 'இன்றே கடைசி', 'உடனே கட்டாவிட்டால் ரத்து' என்று அவசரப்படுத்தும் கடிதம் எதுவாக இருந்தாலும், அன்று ஒன்றும் செய்யாமல் மறுநாள் அலுவலகத்தில் போய் விசாரிப்பது நல்லது.

வேண்டியவர்களைக் காப்பாற்றுங்கள்

தடுப்பது பாதி வேலை. மீதிப் பாதி, வேண்டியவர்களின் கடிதம் ஸ்பேமுக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்வது. நாம் யாரையும் தடுக்காவிட்டாலும், புதிய வியாபாரியின் முதல் கடிதத்தை ஜிமெயில் தானாகவே ஸ்பேமில் போட்டுவிடுவது உண்டு.

• வாரம் ஒருநாள், சந்தை நாளாக வைத்துக்கொண்டால் மறக்காது, ஸ்பேம் பகுதியைத் திறந்து பாருங்கள். 30 நாளில் அழிந்துவிடும் என்பதால் மாதம் ஒருமுறை என்பது போதாது. நல்ல கடிதம் இருந்தால் 'நாட் ஸ்பேம்' என்று கொடுங்கள்.

• முக்கியமான வியாபாரிகள், வங்கி, சான்றளிப்பு அமைப்பு ஆகியோரின் முகவரிகளைத் தொடர்புப் பட்டியலில் சேமியுங்கள். மேலே சொன்ன ஃபில்டர் முறையிலேயே 'நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்' என்பதைத் தேர்வு செய்துவிட்டால் இன்னும் பாதுகாப்பு.

• 'நோ ரிப்ளை' என்று தொடங்கும் முகவரிகளைச் சலிப்பில் தடுத்துவிடாதீர்கள். பல அரசு, வங்கித் தளங்களின் ஓடிபி அப்படிப்பட்ட முகவரிகளிலிருந்துதான் வரும்.

• ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி இடம். வயல் படங்களும் வீடியோக்களும் நிரம்பிவிட்டால் புதிய கடிதம் எதுவும் வராது, திரும்பிப் போய்விடும். ஸ்பேமிலும் குப்பையிலும் கிடப்பவையும் இந்தக் கணக்கில் சேரும். வாரந்தோறும் பார்த்து முடித்ததும் அவற்றைக் காலி செய்யுங்கள்.

களை வராமல் தடுப்பது

களை முளைத்த பின் எடுப்பதைவிட, களை விதை கலக்காத விதையை விதைப்பது மேல். கண்காட்சிகளில் பரிசுக் கூப்பன் என்று நீட்டும் தாள்களில் நிறுவனத்தின் முக்கிய முகவரியை எழுதிக் கொடுக்காதீர்கள். இதுபோன்றவற்றுக்கு இரண்டாவதாக ஒரு முகவரி வைத்துக்கொள்ளலாம்.

ஜிமெயிலில் இன்னொரு வசதியும் உண்டு. உங்கள் முகவரியில் '@' குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியும் ஏதாவது ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுத்தாலும் கடிதம் உங்களுக்கே வரும். விதைக் கண்காட்சியில் கொடுக்கும்போது 'கூட்டல் விதை' என்று சேர்த்துக் கொடுத்தால், பின்னாளில் அந்த முகவரிக்கு வேறு யாராவது விளம்பரம் அனுப்பும்போது, முகவரி எங்கிருந்து வெளியே போனது என்பது தெரிந்துவிடும். அந்தச் சொல்லை வைத்தே ஒரு ஃபில்டர் போட்டு மொத்தமாக நிறுத்தியும் விடலாம். சில இணையதளங்கள் கூட்டல் குறியை ஏற்காது. அங்கே இரண்டாவது முகவரியைக் கொடுங்கள்.

உங்கள் மின்னஞ்சல் யார் கையில்?

கிராமங்களில் நான் அடிக்கடி பார்ப்பது இது. பல விவசாயிகளின் மின்னஞ்சலை இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோதான் உருவாக்கிக் கொடுத்திருப்பார்கள். கடவுச்சொல் அங்கிருப்பவருக்குத்தான் தெரியும். மீட்பு எண்ணாகவும் அவரது கைபேசி எண்ணே இருக்கும். அவர் நல்லவராகவே இருக்கட்டும். நாளை அவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் உங்கள் கடிதப் பெட்டியின் சாவி உங்களிடம் இருக்காது. யாரைத் தடுப்பது என்று முடிவெடுக்கும் முன், பெட்டி உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றி, மீட்பு எண்ணாக உங்கள் எண்ணைச் சேர்த்து, 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' எனப்படும் இரட்டைச் சரிபார்ப்பையும் வைத்துக்கொள்ளுங்கள்.

தெரியாமல் அழுத்திவிட்டால்?

போலிக் கடிதத்தின் இணைப்பை அழுத்தி, கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டால் அந்த முகவரியைத் தடுப்பதால் பயன் இல்லை. ஆள் உள்ளே வந்துவிட்டார். உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு, முன்பு சொன்ன 'ஃபில்டர்ஸ் அண்டு பிளாக்டு அட்ரசஸ்' பகுதியையும், பக்கத்தில் உள்ள 'ஃபார்வர்டிங்' பகுதியையும் பாருங்கள். உள்ளே நுழைபவர்கள் நம் கடிதங்களைத் தங்களுக்கு அனுப்பும்படியும், வங்கியின் எச்சரிக்கைக் கடிதம் நம் கண்ணில் படாமல் அழியும்படியும் அங்கே ஏற்பாடு செய்துவிடுவார்கள். நீங்கள் போடாத ஏற்பாடு எது இருந்தாலும் நீக்குங்கள்.

உற்பத்தியாளர் நிறுவனங்கள் கூடுதலாக ஒன்றை விதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் பணம் போடுங்கள்' என்று பழகிய நிறுவனத்திடமிருந்தே கடிதம் வந்தாலும், அவர்களிடம் போனில் பேசி உறுதி செய்யாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் பணம் பல கணக்குகள் மாறிப் போயிருக்கும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அடுத்த விவசாயிகள் கூட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், இதற்கு 15 நிமிடம் ஒதுக்குங்கள். வந்திருப்பவர்களின் கைபேசியிலேயே ஸ்பேம் பகுதியைத் திறக்கச் சொல்லி, உங்கள் அலுவலகக் கடிதம் அதில் கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் அலுவலகத்தின் சரியான முகவரியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, அதைச் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முருங்கைப் பொடி நிறுவனத்தில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. கணினி பார்க்கும் அந்தத் தம்பி ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஸ்பேமைத் திறந்து பார்க்கிறார். யாரையாவது தடுப்பதானால் தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தடுக்கிறார். இழந்த வியாபாரி திரும்பவில்லை. ஆனால் அண்மையில், ஸ்பேமில் கிடந்த ஒரு விசாரணைக் கடிதத்தை நான்காம் நாளே எடுத்துப் பதில் போட்டு, மாதிரியும் அனுப்பியிருக்கிறார்கள்.

உதவிக்கு:
சைபர் மோசடிப் புகார்: 1930
கிசான் கால் சென்டர்: 1800-180-1551